சனி, ஞாயிறுகளில் டெய்லர் செங்கோடன்

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் என்னுடைய மருந்துக் கடையும் செங்கோடனின் தையல் கடையும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவருடைய மிஷின் ஓடும்போது என் அலமாரியில் சிரப் பாட்டில்கள் லேசாக உரசிக்கொள்ளும். அதனால் அவர் கதையில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியைப் பலகை இடுக்கு வழியாகவும், பிற்பாடு அவரே சொல்லியும் கேட்டேன்.

அவருக்குச் சொந்த ஊர் தாரமங்கலம். எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், மனைவி பழனியம்மாளோடு மலையேறி வந்து கடை போட்டார். உயரமென்றும் சொல்ல முடியாது, குட்டையென்றும் சொல்ல முடியாது. ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. கூட்டத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத உடம்பு. ஆண்களுக்குப் பேண்ட், சட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம், பெண்களுக்கு ஜாக்கெட் என்று எல்லாம் தைப்பார். பெண்கள் யாரும் அவரிடம் நேரே அளவு கொடுக்க மாட்டார்கள். தங்களுக்குப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து தருவார்கள். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். அதைப் பார்த்துத்தான் அவர் துணி வெட்டுவார். நாகலூர், கொட்டச்சேடு எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களின் அளவு ஜாக்கெட்டுகள் கடைச் சுவரில் ஆணிக்கு ஆணி கொத்தாகத் தொங்கும். கொக்கி வைப்பது, காஜா எடுப்பது, கீழ் மடித்துத் தைப்பது போன்ற கைவேலையைப் பழனியம்மாள் வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுப்பார். மிஷினில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எண்பத்து நான்காம் வருஷம் ஏரிக்கு மேல்புறம் இருந்த கிளவுட்ஸ் ஓட்டலில் பார் திறக்க அனுமதி வாங்கினார்கள். மதுவிலக்கைத் தளர்த்திக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சேலம், ஈரோடு, பெங்களூர்க் கார்கள் சனிக்கிழமை மத்தியானம் மேலே வரும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே இறங்கிவிடும். வாரத்தின் மற்ற நாட்களில் ஓட்டலில் ஆள் இருக்காது. அதனால் மே மாத சீசன் தவிர்த்து, பார் சனி, ஞாயிறு மட்டும் திறந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மேனேஜர் செல்லப்பன் அதற்கென்று பெங்களூரில் ஒரு ஆளைப் பேசி வைத்திருந்தார். அந்த ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைக்கச் சொல்லிச் செங்கோடனிடம் துணி கொடுத்தார். அளவு எங்கே என்று இவர் கேட்டதற்கு, கிட்டத்தட்ட உங்கள் உடம்புதான் என்று செல்லப்பன் சொல்லியிருக்கிறார். செங்கோடன் தன் உடம்புக்கே அளவு வைத்து வெட்டித் தைத்துவிட்டார்.

திறப்பு நாள் சனிக்கிழமை. காலையில் கோட்டை எடுத்துக்கொண்டு போனபோது செல்லப்பன் ஆபீஸ் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பெங்களூர்க்காரர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. சாயங்காலம் முதலாளி விருந்தாளிகளோடு சேலத்திலிருந்து வருகிறார். கோட்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவாவது போட்டுக் காட்டுங்கள் என்றார் செல்லப்பன். இவரும் போட்டுக் காட்டினார். அவருக்கே தைத்தது, பொருந்தாமல் என்ன செய்யும். செல்லப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க டெய்லர், சாயங்காலம் உங்களுக்கு என்ன வேலை?"

தான் அந்த வாசனையையே முகர்ந்ததில்லை என்று செங்கோடன் சொன்னார். நானும்தான் என்றார் செல்லப்பன். அது உண்மை. அவர் வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர்.

குடிப் பழக்கமே இல்லாத இரண்டு பேரும் அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பாரை நடத்தப் பழகினார்கள். காலிப் பாட்டில்களில் காப்பி டிக்காஷனைத் தண்ணீர் விட்டுக் கலக்கி நிரப்பிக்கொண்டார்கள். சின்ன அளவுக்கு ஸ்மால், பெரிய அளவுக்கு லார்ஜ். இரண்டுக்கும் வெள்ளி நிறத்தில் ஒரு கிண்ணம் இருந்தது, ஒரு பக்கம் சிறியது, கவிழ்த்தால் பெரியது. செங்கோடன் அதை நிரப்பி நிரப்பிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினார், செல்லப்பன் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டார். செங்கோடனுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எந்தப் பாட்டில் எது என்பதை அதன் தோளையும் கழுத்தையும் வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டார். பிராந்திக்குத் தோள் சரிந்திருக்கும், ரம்முக்குத் தோள் அகலம் என்று பிற்பாடு என்னிடம் விளக்கினார்.

சாயங்காலம் முதலில் உட்கார்ந்தவர் ஈரோட்டு டாக்டர் ஒருவர். ஒரு விஸ்கி கேட்டார். அளந்து ஊற்றியாகிவிட்டது. அடுத்து தண்ணீர் எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை. செங்கோடனுக்கு வாய்க்குத் தானாக வந்தது கடையில் கேட்கிற கேள்விதான்.

"உங்களுக்கு எப்படி வேணுமுங்க? லூசாவா, டைட்டாவா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் லூசாகவே இருக்கட்டும் என்றார். அதற்கப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அந்த வார்த்தை நிலைத்துவிட்டது. மாதம் ஒருமுறை மலைக்கு வருகிறவர்கள் உள்ளே வரும்போதே, டெய்லர், லூசா ஒண்ணு என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

தப்புகளும் நிறைய நடந்தன. பீர்ப் பாட்டிலைக் குலுக்கித் திறந்து முதலாளியின் விருந்தாளி மேல் நுரையை அடித்தார். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டார். ரம்முக்கு வெந்நீர் கேட்ட ஒருவருக்கு, அவர் முகம் கழுவக் கேட்கிறார் என்று நினைத்து வாளியில் கொண்டுபோய் வைத்தார். ஆனால் தெரியாததைக் கேட்பதற்கு அவர் கூச்சப்படவில்லை. இதற்கு உங்கள் ஊரில் என்ன சேர்ப்பார்கள், முதலில் ஐஸா, முதலில் சோடாவா என்று குடிக்க வந்தவர்களையே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். கடைசிவரை ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் சரியா என்று சொல்லிவிடுவார். துணியின் சாயம் பார்க்கிற கண் அது. மழைக்காலத்தில் குளிர் தாங்காமல் வருகிறவர்களுக்குப் பிராந்தியில் வெந்நீர் விட்டு, நம் ஊர் மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டுக் கொடுப்பது அவராகச் செய்த ஏற்பாடு. அதைக் கேட்டே சிலர் வந்தார்கள்.

அந்த வேலை தனக்குப் பிடித்துப்போனதை அவர் மறைக்கவில்லை. அத்தனை வருஷம் குனிந்தே உட்கார்ந்திருந்தவர் சனி, ஞாயிறு நிமிர்ந்து நின்றார். பின்கழுத்து வலிக்கு என்னிடம் வாங்குகிற தைலம் பாதியாகக் குறைந்தது. கடையில் மனிதர்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே எதிரில் உட்கார்ந்து பேசினார்கள். அவர் பதில் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

பழனியம்மாளிடம் முதல் நாளே வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டார்.  அவர், வேலைன்னா வேலைதானுங்க, வாசம் மட்டும் ஊட்டுக்குள்ள வரக்கூடாது என்றாராம். அதனால் செங்கோடன் கோட்டை ஓட்டலிலேயே கழற்றி மாட்டிவிட்டு, சமையல்கட்டுக் குழாயில் கைகால் முகம் கழுவிக்கொண்டுதான் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுகளுக்கு லீவு, ஆட்கள் டவுனுக்கு வருகிற நாள். தைத்த துணியை வாங்க வருகிறவர்கள் திரும்பிப் போகக் கூடாதென்று அன்று மத்தியானத்துக்கு மேல் பழனியம்மாள் கடையில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

மே மாதக் கோடை விழா வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டலில் சர்வர் வேலைக்குப் போகிறார் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். விழாவுக்குப் பந்தல் போட ஓட்டலுக்கு வந்த நாகலூர் ஆட்கள், வெள்ளைக் கோட்டோடு அவர் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்தார்கள். சேதி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதாயி வந்தார். நாகலூர் எஸ்டேட்டில் பறிப்பு வேலைக்குப் போகிற பெண்களில் மூத்தவர். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த, அவர் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லாப் பெண்களின் தையலையும் மொத்தமாக மூட்டை கட்டிக் கொண்டுவருவதும் வாங்கிப் போவதும் அவர்தான். அன்றைக்கு வெறுங்கையோடு வந்திருந்தார்.

"டெய்லரண்ணா, எங்க லைன் பொம்பளைங்களோட அளவு ஜாக்கெட்டையெல்லாம் எடுத்துக் குடுங்க."

தைத்ததில் ஏதாவது குறையா என்று செங்கோடன் கேட்டார்.

"கொறை சொல்ல வரலீங்க. கிளாஸ் புடிச்சுக் குடுக்கற கையும் எங்க ஜாக்கெட்ட எடுத்துப் பாக்கற கையும் ஒண்ணுன்னா எங்களுக்கு மனசு ஒப்பலீங்க. எங்க ஊட்டு ஆம்பளைங்களால நாங்க படறது உங்களுக்கும் தெரியும்."

அந்தப் பாருக்குக் கார்க்காரர்கள்தான் வருகிறார்கள், எஸ்டேட் ஆட்கள் யாரும் வருவதில்லை என்றார் இவர். இன்னிக்கு வரலீங்க என்று மட்டும் மருதாயி சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. இவர் ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து எடுத்துக் கொடுக்க, அவர் முந்தானையிலேயே கட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பின் ஒவ்வொருவராக வந்தார்கள். போஸ்ட்மேன் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், கொட்டச்சேட்டுப் பெண்கள். பெரும்பாலும் காரணம்கூடச் சொல்லவில்லை. ஆடி மாதம் முடிவதற்குள் சுவரில் வெறும் ஆணிகள்தான் இருந்தன. ஆண்களின் பேண்ட், சட்டைத் தையல் ஏற்கெனவே படுத்துவிட்டிருந்தது. சேலத்திலிருந்து ரெடிமேட் வர ஆரம்பித்த காலம். என் அலமாரியில் பாட்டில்கள் உரசுகிற சத்தம் பாதி நாள் கேட்காது.

பாரை விட்டுவிடுகிறேன் என்று செங்கோடன் ஒரு நாள் மனைவியிடம் சொன்னார். கடையில் வைத்துத்தான் சொன்னார், எனக்கும் கேட்டது.

"விட்டுட்டா ஜாக்கெட்டெல்லாம் திரும்பி வந்துருமுங்களா?" என்று பழனியம்மாள் கேட்டார்.

தெரியவில்லை என்றார் இவர்.

"அப்பறம் எதுக்கு ரெண்டையும் உடறது? எனக்கு வெட்டக் கத்துக் குடுங்க."

அந்த மழைக்காலம் முழுக்க அதுதான் நடந்தது. பழனியம்மாள் முதலில் செய்தித்தாளில் வெட்டினார், பிறகு கிழிந்த வேட்டியில், பிறகு தன்னுடைய பழைய சேலையில். செங்கோடன் நல்ல வேலைக்காரர், ஆனால் சொல்லிக் கொடுக்கப் பொறுமை போதாது. கோடு போடுவதற்குள் கத்திரியை வாங்கிவிடுவார். பழனியம்மாள் ஒரு கட்டத்தில் அவரை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து வெட்டிப் பழகினார். தனக்கொரு ஜாக்கெட்டும் மகள் சரஸ்வதிக்குப் பாவாடைச் சட்டையொன்றும் தைத்துப் போட்டுப் பார்த்தார். மகள் குறை சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் ஒரு நாள் பழனியம்மாள் நாகலூருக்குப் பஸ் ஏறினார். மருதாயியின் லைன் வீட்டுக்குப் போய், வெட்டுவது, தைப்பது எல்லாம் இனிமேல் நான்தான், அவர் தொட மாட்டார், ஒரே ஒரு ஜாக்கெட் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டார். மருதாயி உடனே சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். பேச்சு எப்படியோ தையலுக்குப் போனது. ஒருத்தி உள்ளே போய்ச் செங்கோடன் தைத்த ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து அக்குளைக் காட்டினாள். கிழிந்திருந்தது. இன்னொருத்தியும் கொண்டுவந்தாள். அதுவும் அதே இடத்தில். பழம் பறிக்கிறபோது கையை மேலே தூக்கிக் கிளையை வளைத்துப் பிடிக்க வேண்டும். அவர் வெட்டில் அக்குள் பிடிப்பு அதிகம். நாள் முழுக்க இறுக்கும், தோல் உராய்ந்து எரியும், கடைசியில் தையல் விட்டுப்போகும். அவர்களே ஊசி நூலால் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருஷமா ஏன் சொல்லவில்லை என்று பழனியம்மாள் கேட்டிருக்கிறார்.

"ஆம்பள ஆளுகிட்ட அக்குளப் பத்தி என்னத்தங்க சொல்றது?" என்றாராம் மருதாயி. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கிளம்பும்போது மருதாயி தன்னுடைய ஜாக்கெட்டையே எடுத்துக் கொடுத்தார்.

இதைப் பழனியம்மாள் கடையில் வந்து சொன்னபோது நான் செங்கோடன் முகத்தைப் பார்த்தேன். அளவு ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு போனபோதுகூட அது அப்படிச் சுண்டவில்லை. டவுனில் தன்னைவிட நல்ல வெட்டு யாருக்கும் வராது என்று உள்ளுக்குள் அவருக்கு ஒரு நினைப்பு உண்டு, அது நியாயமும்தான். பிடிப்பாக இருந்தால்தான் ஜாக்கெட் ஜாக்கெட் மாதிரி நிற்கும் என்று வாதாடினார். அக்குளில் துணியைத் தளர்த்தினால் தோள் தொங்கும் என்றார். பழனியம்மாள் வாதாடவில்லை. மருதாயியின் ஜாக்கெட்டில் அக்குளுக்கடியில் சின்னதாக ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தார். தோள் கொஞ்சம் தொங்கத்தான் செய்தது. ஆனால் கையை எவ்வளவு தூக்கினாலும் இறுக்கவில்லை.

தைப் பொங்கலுக்குள் மூட்டை திரும்பி வந்தது. அடுத்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு, மற்ற எஸ்டேட்டுகளிலிருந்தும் துணி வந்து குவிந்தது. ஆணிகள் போதாமல் கயிறு கட்டினார்கள். செங்கோடன் பெண்கள் துணியைத் தொடுவதில்லை என்ற பேச்சைக் காப்பாற்றினார். மிஷினுக்கு எண்ணெய் போடுவார், யூனிஃபார்ம் வெட்டுவார், சட்டைக் காஜாவைத் தானே எடுக்க ஆரம்பித்தார். அது வரைக்கும் அவர் ஊசி பிடித்துக் காஜா எடுத்தவரே இல்லை. முதல் மாதம் அவர் எடுத்த காஜாவில் பட்டன் நுழையாமல் திருப்பிக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று வருஷம் இப்படியே போனது. பிறகு அரசாங்கம் சாராயக் கடைகளை மூடியது. எஸ்டேட் ஆட்கள் சிலர் காட்டுக்குள் காய்ச்சுவதைத் தேடிப் போனார்கள். மருதாயியின் கணவர் முனியப்பன் போனஸ் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நேராகக் கிளவுட்ஸ் ஓட்டல் பாருக்குள் வந்து உட்கார்ந்தார்.

அங்கே எஸ்டேட் ஆளை விடக் கூடாதென்று சட்டம் ஒன்றும் இல்லை. விலையைக் கேட்டு வருவதில்லை, அவ்வளவுதான்.  செங்கோடன் எல்லாரையும் கேட்கிற மாதிரியே கேட்டு, பிராந்தியில் வெந்நீர் விட்டுக் கொடுத்தார். முனியப்பன் மரியாதையாகக் குடித்தார். இரண்டாவதும் கொடுத்தார். மூன்றாவது கேட்டபோது செங்கோடன், போதுமுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.

முனியப்பன் சத்தம் போடவில்லை. பக்கத்து மேஜையைக் காட்டினார். அங்கே சேலத்துக்காரர் ஒருவர், பெரிய பஞ்சு வியாபாரி, மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தார்.

"அவுருக்கு அஞ்சாறு ஆச்சுங்க. அவுரு கார ஓட்டிக்கிட்டுக் கீழ எறங்கோணும். நான் பஸ்ல உக்காந்து போறவன். எனக்கு மட்டும் கணக்குங்களா?"

 முனியப்பன் எழுந்து போய்விட்டார். மருதாயிக்காகத்தான் தான் அப்படிச் செய்ததாகச் செங்கோடன் முதலில் நினைத்துக்கொண்டாராம். வீட்டுக்கு நடக்கும்போது அது முழு உண்மையில்லை என்று பட்டதாம். முனியப்பனிடம் போதும் என்று சொல்லத் தனக்குப் பயமில்லை, வியாபாரியிடம் சொல்லப் பயம். வித்தியாசம் அதுதான் என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த மாதம் அதே வியாபாரி வந்தார். அவரே கார் ஓட்டுகிறவர். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, சாயங்காலமானால் பனி மூட்டம் வேறு. நாலாவது கேட்டபோது செங்கோடன், போதுமுங்க, கீழே போகோணுமில்லைங்களா என்றார். அந்த மனிதருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. ஒரு டெய்லர் எனக்குச் சொல்வதா என்று கேட்டார். மேனேஜரைக் கூப்பிட்டார். செல்லப்பன் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டு, தானே பாட்டிலை எடுத்து ஊற்றிக் கொடுத்தார். சேலத்துக்குப் போனதும் வியாபாரி முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். இனி வர வேண்டாம் என்று புதன்கிழமை செங்கோடனுக்கு ஆள் மூலம் சேதி வந்தது.

இவர் தகராறு செய்யவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஏரிப் பக்கம் கார்கள் போகிற சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். பழனியம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஓட்டலில் புதிதாக வந்த ஆள் வேலை தெரிந்தவர்தான். ஊற்றியதில் பாதியைத் தானே குடித்தார். செல்லப்பன் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை கடைக்கு வந்தார். உள்ளே நுழையும்போது வாசலுக்கு மேலே புதுப் பலகையைப் பார்த்தார். பழனியம்மாள் லேடீஸ் டெய்லர் என்று எழுதியிருந்தது. செங்கோடன் பின்பக்கம் யூனிஃபார்ம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். செல்லப்பன் அவரைப் பார்ப்பதா, மிஷினில் இருந்த பழனியம்மாளைப் பார்ப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

"அம்மா, டெய்லர் திரும்பி வரோணுமுங்க" என்றார்.

பழனியம்மாள் மிஷினை நிறுத்தினார்.

"வருவாருங்க. கார் ஓட்டறவங்களுக்கு அவுரு போதும்னா போதும். நீங்க வந்து ஊத்திக் குடுக்கக் கூடாது. அப்பறம் ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு மேலதான் வருவாரு. காலையில எனக்குக் கடையில வேலை இருக்குது."

செங்கோடன் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. செல்லப்பன் எப்படிச் சொன்னாரோ தெரியாது, முதலாளி ஒப்புக்கொண்டார். அதன் பிறகு சில பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனதுண்டு. சில பேர் கார்ச் சாவியைச் செங்கோடனிடம் கொடுத்துவிட்டு, அறை எடுத்துத் தங்கிவிட்டுக் காலையில் வாங்கிக்கொண்டு போனார்கள். பஞ்சு வியாபாரி திரும்ப வரவேயில்லை. முனியப்பன் போனஸ் வாங்கினால் வருவார், இரண்டு குடிப்பார், போவார். மற்ற நாட்களில் காட்டுச் சாராயம்தான். அதை மாற்ற யாராலும் முடியவில்லை. மருதாயி இதைப் பற்றிச் செங்கோடனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. துணி கொடுக்க வந்தால் பழனியம்மாளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது வரேனுங்கண்ணா என்று சொல்லிவிட்டுப் போவார்.

சரஸ்வதிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தது தொண்ணூற்று மூன்றில். ஓமலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணைப் பிடித்துவிட்டது. அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். செங்கோடன் டெய்லர் என்று சொல்லி நிறுத்தப் பார்த்தார். பழனியம்மாள் முந்திக்கொண்டார்.

"அஞ்சு நாளு என் கடையில வேலைங்க. சனி, ஞாயிறு ஓட்டல் பார்ல ஊத்திக் குடுப்பாரு. அவுரு குடிக்க மாட்டாரு."

வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்து, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். சொல்லவில்லை. சரஸ்வதி அன்று ராத்திரி அம்மாவிடம் சண்டை போட்டாள் என்று கேள்விப்பட்டேன். இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன என்பது அவள் கேள்வி. பின்னால் தெரிந்து உன்னை அவர்கள் பேசுவதைவிட இப்போதே தெரிவது நல்லது என்பது அம்மாவின் பதில். 

அடுத்து வந்த வரன் ஆத்தூர்ப் பக்கம். மாவு மில் வைத்திருந்த அங்கப்பன் என்பவரின் மகன். தரகர் மூலம் எல்லாம் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. அங்கப்பன் பெண் பார்க்க வருவதற்கு முந்தின சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் தனியாக மலைக்கு வந்தார். பாருக்குள் போய் ஓரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்தார். செங்கோடன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். எலுமிச்சை சோடா என்றார் அவர். உப்பா, சர்க்கரையா என்று கேட்டு இவர் கொண்டுபோய் வைத்தார். அங்கப்பன் அதை மெதுவாகக் குடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காசு கொடுத்துவிட்டு, தான் யாரென்று சொல்லாமல் எழுந்து, விசாரித்துக்கொண்டு ஒண்டிக்கடைக்கு வந்தார். பழனியம்மாள் கடையில் இருந்தார். நான் என் கடை வாசலில் நின்றிருந்தேன்.

தன் பெயரைச் சொல்லிவிட்டு, உங்க ஊட்டுக்காரரப் பாத்துட்டுத்தான் வாறேன் என்றார். பழனியம்மாள் எழுந்து நின்றார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கே படபடப்பாக இருந்தது.

"வந்ததுல இருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கறாரு. கால் வலிக்காதுங்களா?"

"வலிக்குமுங்க. எண்ணெய் தேச்சு உடுவேன்" என்றார் பழனியம்மாள்.

மாவு மில்லில் தனக்கும் அதே வலிதான் என்று அங்கப்பன் சொன்னார். என் கடைத் தைலத்தில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணம் தாரமங்கலத்தில், ஒரு புதன்கிழமை. சனி, ஞாயிறில் நல்ல முகூர்த்தம் இருந்தும் வேண்டாம் என்றுவிட்டார்கள், மே மாத சீசன் நேரம், பார் தினமும் உண்டு, அதிலும் சனி, ஞாயிறு கூட்டத்தில் செங்கோடனுக்கு லீவு கிடைக்காது. செல்லப்பன் வந்திருந்தார், வெங்காயம் போடாததாகப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். நாகலூரிலிருந்து மருதாயியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வேன் பிடித்து வந்தார்கள். மறுநாளே மலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் செங்கோடன் பந்தலைப் பிரிக்கிற வரைக்கும்கூட நிற்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினார். பழனியம்மாள் இரண்டு நாள் கழித்து வந்தார்.